கம்பெனி கைவிட்ட வண்டியை நாம் கையில் எடுக்கலாமா?

ஆர்.எக்ஸ்.100 முதல் இம்பல்ஸ் வரை: தயாரிப்பு நின்றுபோன பைக்கை வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

யமஹா ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது, அதன் விலை சுமார் 20 ஆயிரம் ரூபாய். 1996-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்று பளபளவென்று புதுப்பித்து, ஆர்.சி.யும் ஒழுங்காக இருக்கும் ஓர் ஆர்.எக்ஸுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஷோரூமில் வாரன்டியோடு புது வண்டியே எடுத்துவிடலாம். ஆனாலும் தேடுகிறவர்கள் குறையவில்லை. தேடுகிறவர்களில் பலர், அந்த வண்டி ஷோரூமில் நின்ற காலத்தில் பிறந்தே இருக்காதவர்கள்.

இந்த ஆசையை வெறும் மோகம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் மீது மனிதனுக்குப் பிரியம் வருவது இயல்பு. அதைப் பழுதுபார்த்து ஓட வைப்பது, குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றும் வேலையும்கூட. ஆனால் அந்தப் பிரியத்தோடு பணத்தைக் கொடுக்கிறவர்களில் பலருக்கு, எதை வாங்குகிறோம் என்ற தெளிவு இருப்பதில்லை. ஷோரூமில் வாங்கும் வண்டிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை, பாகங்களுக்கு ஒரு கிடங்கு, ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் என ஒரு பெரிய ஏற்பாடே நிற்கிறது. தயாரிப்பு நின்ற வண்டிக்கு அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோகிறது. கம்பெனி இறக்கி வைத்த அந்தப் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவர் தலைக்கு வந்துவிடுகிறது. அதைச் சுமக்க நம்மால் முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படி என்ன இருக்கிறது அந்த வண்டியில்?

எண்பதுகளின் நடுவில் இந்திய பைக் சந்தை தலைகீழாக மாறியது. அதுவரை சாலையில் ஓடியவை பெரும்பாலும் புல்லட், ராஜ்தூத், யெஸ்டி. ஜப்பானிய நிறுவனங்களின் கைகோப்பில் 1984-ல் இண்ட்-சுஸுகி ஏ.எக்ஸ்.100, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, 1986-ல் கவாஸாகி பஜாஜ் கே.பி.100 என வரிசையாக 100 சி.சி. வண்டிகள் இறங்கின. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா கொண்டுவந்ததுதான் ஆர்.எக்ஸ்.100. ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்திறங்கி, டெல்லியை அடுத்த சூரஜ்பூரில் கோக்கப்பட்டது.

அதன் கணக்கு எளிமையானது. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். மொத்தம் 98 சி.சி. அந்தச் சின்ன இன்ஜின் 7,500 ஆர்.பி.எம்.மில் 11 பி.எச்.பி. கொடுத்தது. அதே ஆண்டு வந்த, கிட்டத்தட்ட அதே அளவு இன்ஜின் கொண்ட சி.டி.100 கொடுத்தது சுமார் 7 பி.எச்.பி.தான். வண்டியின் எடையோ 100 கிலோவை ஒட்டியது. மெலிந்த உடம்பில் இவ்வளவு சக்தி இருந்ததால்தான், ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் முன்சக்கரம் லேசாகிற உணர்வு வந்தது.

இதற்குக் காரணம் டூ ஸ்ட்ரோக் அமைப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒருமுறை பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வுகளும் கேம் ஷாஃப்டும் கிடையாது. அசையும் பாகங்கள் குறைவு. எடை குறைந்தது, வேகம் கூடியது, சாதாரண மெக்கானிக்கே பிரித்து மாட்ட முடிந்தது.

அந்த அமைப்பே அதன் முடிவுக்கும் காரணமாயிற்று. டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வருகிற நேரத்திலேயே புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கும். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கூடவே, இன்ஜினை வழவழப்பாக வைக்கும் டூ-டி ஆயிலும் எரிந்து புகையாகும். 1991-ல் நாட்டில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது. 1996-லும் 2000-லும் அது இறுகியது. ஆர்.எக்ஸ்.100 விடைபெற்ற பிறகு ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ்.135 என்று அதன் தம்பிகள் 2000-களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஃபோர் ஸ்ட்ரோக்கின் காலம் வந்துவிட்டது.

ஆர்.எக்ஸ்.100 வாங்குகிறவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே வாங்குகிறார். நம்மைக் கவரும் வேகமும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கும் புகையும் ஒரே இன்ஜினிலிருந்து வருபவை.

நின்றது எது?

தயாரிப்பு நின்ற வண்டிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. நின்றுபோனது பெயர் மட்டுமா, இன்ஜினா, நிறுவனமேவா என்று பார்க்க வேண்டும். உங்கள் முடிவில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

பெயர் மட்டும் நின்றதற்கு நல்ல உதாரணம் ஹீரோ இம்பல்ஸ். 2011-ல் வந்த இந்த வண்டி, கரடுமுரடான பாதைக்கென்றே உயரமாகச் செய்யப்பட்டது. அன்று அதை வாங்க ஆள் குறைவு. சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். 2019-ல் அதன் வாரிசாக எக்ஸ்பல்ஸ் 200 வந்து வெற்றி பெற்ற பிறகு, பழைய இம்பல்ஸையும் மலைப்பாதைப் பிரியர்கள் தேட ஆரம்பித்தார்கள். இதன் 150 சி.சி. இன்ஜின், ஹங்க், எக்ஸ்ட்ரீம் வண்டிகளில் இருந்த அதே குடும்பம். அதனால் பிஸ்டன், கிளட்ச், கேஸ்கட் போன்றவற்றுக்குப் பெரிய தவிப்பு இல்லை. சிக்கல் வருவது இந்த வண்டிக்கென்றே செய்த டேங்க் மூடிகள், பிளாஸ்டிக் பாகங்கள், சஸ்பென்ஷன் ஆகியவற்றில். ஒருமுறை கீழே விழுந்தால், இன்ஜினை எளிதாகச் சரிசெய்துவிட்டு, உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

இன்ஜினே நின்றதற்கு உதாரணம் ஆர்.எக்ஸ். அந்தத் தொழில்நுட்பத்தையே சட்டம் சந்தையிலிருந்து வெளியேற்றிவிட்டது. புது மாடல் எதிலும் அந்த இன்ஜின் இல்லை. ஆனால் விற்ற வண்டிகளின் எண்ணிக்கையும், ரசிகர்களின் பிடிவாதமும் சேர்ந்து, வெளியார் தயாரிக்கும் பாகங்களுக்கு ஒரு சந்தையை உயிரோடு வைத்திருக்கின்றன.

நிறுவனமே மூடியதற்கு உதாரணம் யெஸ்டி. மைசூரில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடுகின்றன. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா-யெஸ்டி தினம் கொண்டாடும் அளவுக்குக் கட்டுக்கோப்பான ரசிகர் கூட்டம் அதற்கு இருக்கிறது. அந்தக் கூட்டம்தான் அந்த வண்டியின் இன்றைய சர்வீஸ் சென்டர். அப்படி ஒரு கூட்டம் சேராத வண்டிகள் சத்தமின்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. கான்பூர் எல்.எம்.எல். நிறுவனத்தின் ஃப்ரீடம் பைக்கை இன்று எத்தனை தெருக்களில் பார்க்க முடிகிறது?

விலை உயர்ந்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஹரியானாவின் பாவல் தொழிற்சாலையில் ஸ்ட்ரீட் 750 தயாரித்துவந்த ஹார்லி-டேவிட்சன், 2020 செப்டம்பரில் இந்தியாவில் தன் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் போட்டதால், விற்பனைக்கும் சர்வீஸுக்கும் ஒரு பொறுப்பாளர் கிடைத்தார். அந்த இடைவெளியில் வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட கவலையை நினைத்துப் பாருங்கள். பாதி விலைக்குப் பெரிய வண்டி கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள், அந்த விலைக்குறைப்பில் இந்தக் கவலையின் விலையும் கழிந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ‘அதே பெயரில் திரும்ப வரப்போகிறது, பாகமெல்லாம் கிடைத்துவிடும்’ என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் புதுப்பிறவி எடுத்தன. ஆனால் அவை முற்றிலும் வேறு இன்ஜின் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். பழைய யெஸ்டிக்கு அவற்றால் ஒரு நட்டுகூடப் பயன்படாது. ஆர்.எக்ஸ். என்ற பெயர் என்றைக்காவது திரும்பி வந்தாலும் இதே கதைதான்.

முதலில் மெக்கானிக், பிறகு வண்டி

பெரும்பாலானவர்கள் வண்டியை வாங்கிவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். டூ ஸ்ட்ரோக் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. இன்று பயிற்சி முடித்து வரும் இளைஞர்கள் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் சென்சாரும் படித்தவர்கள். கார்புரேட்டரை ட்யூன் செய்வது, சத்தத்தை வைத்தே பிக் எண்ட் தேய்ந்ததைச் சொல்வது, லேத்தில் ரீபோர் செய்த சிலிண்டரைத் தொட்டுப் பார்த்து ஏற்பது எல்லாம் பழைய தலைமுறையின் வித்தை. உங்கள் ஊரில், வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும் தூரத்தில், அப்படி ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போங்கள். இல்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, பாகங்கள். ஆர்.எக்ஸ். விஷயத்தில் தேய்மானப் பொருள்கள் பிரச்னையில்லை. கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பிஸ்டன் செட் எல்லாம் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் புதுப் பாகமும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் தேடலாம். தரத்தில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. கம்பெனி பெயர் அச்சிட்ட உறையில் போலிகள் வருகின்றன. கிராங்க் செட், சிலிண்டர், அசல் சைலன்சர், மீட்டர், பக்க மூடிகள் போன்றவை அசலாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விற்பவர் சொன்னதுதான் விலை. எனவே வண்டியில் எவையெல்லாம் அசலாக இருக்கின்றன என்பதை எழுதிப் பட்டியல் போடுங்கள். பெயின்ட் மங்கியிருந்தாலும் அசல் பாகங்களோடு நிற்கும் வண்டி, புது பெயின்ட் அடித்துப் போலிப் பாகங்கள் மாட்டிய வண்டியைவிடப் பல மடங்கு மேலானது. பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

காகிதம் இல்லாத வண்டி, வண்டியே அல்ல

பழைய வண்டி வாங்கி நொந்துபோகிறவர்களில் பலர் தோற்பது இன்ஜினிடம் அல்ல, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்.

தனிநபர் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் ‘எஃப்.சி. காட்டுவது’ என்கிறோமே, அதுதான். 1990-ல் பதிவான வண்டி என்றால் 2005, 2010, 2015, 2020, 2025 என ஐந்து முறை புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி.யைக் கையில் வாங்கியதும் முதலில் இந்தத் தேதிகளைப் பாருங்கள். பைக்குகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைத் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 2,000 ரூபாய். தவணை தவறினால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு வருடம் கிடப்பில் போட்ட வண்டிக்கு இதுவே 7,200 ரூபாய். பசுமை வரி தனி. ‘எஃப்.சி. மட்டும் பாக்கி, சின்ன வேலை’ என்று விற்பவர் சொல்லும்போது இந்தக் கணக்கு உங்கள் மனதில் ஓட வேண்டும்.

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரம் வருகிறதா என்று பாருங்கள். எண்பதுகளில், மாவட்ட எண் முறை வருவதற்கு முன் பதிவான வண்டிகள் சிலவற்றின் விவரம் கணினியில் ஏறியிருக்காது. பதிவுசெய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து அதை ஏற்ற வைத்த பிறகுதான் மற்ற வேலைகள் நடக்கும். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுக்கட்டும். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாக இருந்தால், படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியா என்று சோதிக்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவை இருக்கிறது.

பிறகு எண்கள். சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பார்த்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஆர்.எக்ஸ். குடும்பத்தில் ஒன்றின் இன்ஜின் மற்றொன்றில் உட்காரும் என்பதால், 100 என்ற பெயரில் 135 இன்ஜினோடு திரியும் வண்டிகள் உண்டு. எண்களைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ, வெல்டிங்கோ, வரிசை கோணலான பஞ்சிங்கோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உங்களைக் காவல் நிலையத்துக்கு இழுக்கும் வண்டி.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. படிவம் 29, 30-ல் விற்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு கை மாறிய வண்டிகள் ஏராளம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் பெயர் மாறுவது விற்பவருக்கும் பாதுகாப்பு. முதல் உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

‘விண்டேஜ் வண்டி என்று பதிந்துகொள்ளலாம்’ என்ற பேச்சும் அடிபடுகிறது. 2021-ல் வந்த அந்த விதி 50 ஆண்டுகள் கடந்த, மாற்றம் செய்யாத வாகனங்களுக்கு மட்டும். முதல் ஆர்.எக்ஸ்.100 அந்த வயதைத் தொட 2035 ஆகும். அப்படிப் பதிந்தாலும் அதில் தினமும் வேலைக்குப் போய்வர அனுமதியில்லை.

வண்டி முன்னால் நிற்கும்போது...

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வருவது டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை கொட்டினால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போயிருக்கலாம். அந்தச் சீல் கசிந்தால் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். கியர் ஆயில் அளவு குறைந்திருந்தால் சந்தேகம் உறுதி. மறுபக்கம், மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் காற்று உள்ளே புகும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் இரைவது அதன் அறிகுறி. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எந்தச் சீலாக இருந்தாலும் மாற்றும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆர்.எக்ஸில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கும் இன்ஜின் வேகத்துக்கும் ஏற்ப ஆயிலை அளந்து விடுவது அந்தப் பம்ப். அது கெட்டதும் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் வண்டிகள் நிறைய. ஓட்டலாம், ஆனால் ஒருமுறை கலக்க மறந்தால் இன்ஜின் போயிற்று. கழற்றியிருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, ‘சிலிண்டர் எத்தனையாவது போரில் இருக்கிறது?’ என்பது. சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து விட்டத்தைக் கூட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாக ஏறும். நான்காவது படிக்கு வந்துவிட்ட சிலிண்டரில் அடுத்த ரீபோருக்கு இடமில்லை; ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். ஸ்டாண்டர்ட் போரில் இருக்கும் அசல் சிலிண்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை.

ரேஸ் ஓட்டிய வண்டியைத் தவிருங்கள். சிலிண்டரின் போர்ட்டை ராவி, சைலன்சரின் உள்குழாயை அறுத்து எறிந்த வண்டி சத்தத்தில் அசத்தும்; ஆயுளில் ஏமாற்றும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பது சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 2019 சட்டத்திருத்தம் சொல்கிறது. வண்டியை மாற்றியவர் முந்தைய ஆளாக இருந்தாலும், சாலையில் நிறுத்திக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கடைசியாக உடம்பு. சேஸில் வெல்டிங் தடம், ஸ்விங் ஆர்ம் பகுதியில் துரு, ஃபோர்க் குழாயில் அரித்த புள்ளிகள், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்கும் கோன் செட் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்றைய பெட்ரோல், இன்றைய சாலை

டேங்கைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது பங்க்கில் நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023-லிருந்து அது படிப்படியாக நாடெங்கும் பரவிவிட்டது. எண்பதுகளின் வண்டி அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் ஓ-ரிங்கையும் உப்பவைத்துச் சிதைக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பு டேங்கில் துருவை வளர்க்கும். கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து இன்ஜினைச் சூடாக்கும். வண்டியை வாங்கியதும் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டை மெக்கானிக்கிடம் சரிபார்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ்., 125 வரை என்றால் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். கட்டாயம். ஆர்.எக்ஸில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக்தான். வேகம் எடுப்பதில் இன்றைய 125 சி.சி. வண்டிக்கு ஈடுகொடுக்கும், நிற்பதில் கொடுக்காது. உங்கள் முன்னால் போகிற புது வண்டி சட்டென்று நின்றால் உங்களால் நிற்க முடியாது. டயர், பிரேக் ஷூ, ஹெட்லைட் மூன்றையும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் புதிதாக்குங்கள். 

இன்ஷூரன்ஸில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்ற மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனியும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது நடைமுறை. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியதைப் பத்தாயிரத்துக்கு மதிப்பிட்டால், திருடு போகும் நாளில் பத்தாயிரம்தான் கைக்கு வரும். திருடர்களுக்கும் ஆர்.எக்ஸ். மேல் ஆசை அதிகம். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது.

புகைச் சான்றும் அப்படித்தான். 2000 மார்ச் வரை தயாரான பைக்குகளுக்கு கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்று வரம்பு தளர்வாகவே இருக்கிறது. நன்றாக ட்யூன் செய்த ஆர்.எக்ஸ். அதற்குள் வந்துவிடும். வராத வண்டியைப் பணம் கொடுத்துச் சான்று வாங்கி ஓட்டுவது, நம் ஆசைக்காகத் தெருவில் உள்ள குழந்தைகளின் மூச்சை எடுத்துக்கொள்வது. பழைய வண்டியை நேசிக்கிறவர்களுக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை உண்டு. அறுத்த சைலன்சரும் கரும்புகையுமாகப் போகும் ஒவ்வொரு வண்டியும், எல்லாப் பழைய வண்டிகளையும் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யச் சொல்கிறவர்களின் கையை வலுப்படுத்துகிறது.

யார் வாங்கலாம், யார் வேண்டாம்?

வீட்டில் வேறொரு வண்டி இருக்கிறது; வேலைக்கு அதில் போய்விடுவேன் என்பவர் வாங்கலாம். இரண்டு மாதம் வண்டி மெக்கானிக் கடையில் நின்றாலும் பொறுக்க முடிகிறவர் வாங்கலாம். வாங்கும் விலைக்கு மேல் அதில் மூன்றில் ஒரு பங்கையாவது பழுதுச் செலவுக்கென்று தனியே எடுத்து வைக்க முடிகிறவர் வாங்கலாம். பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், கேபிளை மாற்றவும், ஆயில் அளவைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு இந்த வண்டி பல மடங்கு மகிழ்ச்சி தரும்.

அன்றாடம் 40 கிலோமீட்டர் போய்வர இருப்பது இது ஒன்றுதான் என்பவர் வேண்டாம். குழந்தையைப் பள்ளியில் விட, வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இதை நம்பியிருப்பவர் வேண்டாம். கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் நிச்சயம் வேண்டாம். ‘விலை ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு வருடம் கழித்து லாபத்துக்கு விற்கலாம்’ என்று கணக்குப் போடுகிறவருக்கும் அதே பதில்தான். பெட்ரோல் கலவையும் பதிவுக் கட்டணமும் மாசு விதிகளும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால், அந்தக் கணக்கை நம்பிப் பணம் போட முடியாது.

இடைப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. தயாரிப்பு நின்ற வண்டிதான் வேண்டும், ஆனால் தொல்லை குறைவாக இருக்க வேண்டும் என்றால், பெயர் மட்டும் நின்று இன்ஜின் தொடர்கிற வண்டியாகப் பாருங்கள். பதிவுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் மீதமிருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால், பழையதை வைத்துப் பராமரிக்கும் சுகத்தை அதிகச் சேதாரம் இல்லாமல் பழகிக்கொள்ளலாம். அதில் தேறியவர் பிறகு ஆர்.எக்ஸ். பக்கம் வரட்டும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால் வரிசை இதுதான்: முதலில் மெக்கானிக், அடுத்து காகிதம், அடுத்து இன்ஜின், கடைசியில் விலை. இந்த வரிசையில் எங்கே இடறினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நல்ல ஆர்.எக்ஸ். இன்னொன்று வரும், அதற்கு ஆறு மாதம் காத்திருப்பதில் நஷ்டமில்லை. அப்படிக் காத்திருந்து வாங்கி, பெயரை மாற்றி, புகையை அடக்கி, சத்தத்தை அளவோடு வைத்து ஓட்டுகிறவர், கம்பெனி செய்யாமல் விட்ட வேலையைத் தன் கையால் செய்கிறார். அந்த வேலைக்கு மனம் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.